சோழனைச் சிறைபிடித்தவன் சோழனுடைய ஆள்தான்

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில், தேவநாதப் பெருமாள் கோயில் சுவரில், ஒரு விசித்திரமான கல்வெட்டு இருக்கிறது. மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டைக் குறித்துத் தொடங்கும் அது, அதே இராசராசன் பிடிபட்டுச் சிறையிருந்த கதையைத்தான் சொல்கிறது. காலம் 1231-32. காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் அடைத்துவைத்துவிட்டு, நாட்டையும் கோயில்களையும் பாழாக்குகிறான் என்ற செய்தி துவாரசமுத்திரத்தில் இருந்த போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனுக்கு எட்டுகிறது. சோழ ராச்சியத்தை நிலைநிறுத்தியவன் என்பது போசளர் சூடிக்கொண்ட விருது. அதைக் காப்பாற்றிய பிறகுதான் இந்த எக்காளம் ஊதும் என்று சூளுரைத்துப் புறப்படுகிறான். வழியில் மகர நாட்டை வேரறுத்து, பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை முன்னே அனுப்புகிறான். அவர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டே வருகிறார்கள்; நடுவில் சிதம்பரத்தில் பொன்னம்பலத்தைத் தொழவும் மறக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பாளையம் இறங்குகிறார்கள். திருவதிகையும் திருவக்கரையும் நாசமாகின்றன. சேந்தமங்கலத்தை முற்றுகையிட ஆயத்தமானதும் கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்து, சக்கரவர்த்தியை விட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்புகிறான். தண்டநாயகர்கள் சோழனை அழைத்துப்போய் அவன் நாட்டில் கொண்டுசேர்க்கிறார்கள். கங்கையும் கடாரமும் கொண்டதாகப் பட்டம் சூடிய குலத்தின் வாரிசை, பக்கத்து அரசனின் இரண்டு அதிகாரிகள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ சோழர் பற்றி ஓர் உரை என்றால், பேச்சு பெரும்பாலும் 1025இல் இராசேந்திரனின் கப்பல்கள் கடாரத்தில் கரைதொட்டதோடு நின்றுவிடும். அது இயல்பே, கடாரம் எனப்பட்ட கெடா நம் வீட்டு வாசல். ஆனால் அந்த ஆண்டிலேயே நின்றுகொண்டிருந்தால் சோழப் பேரரசு ஏதோ ஒருநாள் காலையில் காணாமற்போனது போலத்தான் தோன்றும். அதன் முடிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், நாற்புறமும் பகைவர் எழுந்தார்கள், தாங்க முடியவில்லை என்பது. தெற்கே பாண்டியர், மேற்கே போசளர், வடக்கே காகதீயரும் தெலுங்குச் சோடரும், நடுவே காடவர். பட்டியல் சரி. ஆனால் இவர்கள் எங்கிருந்து எழுந்தார்கள் என்று கேட்டால், இவர்களில் முக்கியமானவர்களைச் சோழர்களே பதவி கொடுத்தும், பட்டம் கொடுத்தும், அரியணை ஏற்றியும் வளர்த்திருக்கிறார்கள் என்பது சான்றுகளில் தெரிகிறது. கோப்பெருஞ்சிங்கனின் முன்னோர் திருமுனைப்பாடிப் பகுதியில் பாடிகாவல் உரிமை பெற்றவர்கள், அதாவது ஊரைக் காத்து அதற்கு வரி வாங்கிக்கொள்ளச் சோழ அரசால் ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள். அவர்களில் ஒருவன் குலோத்துங்க சோழக் காடவராயன் என்று எசமானின் பெயரையே முன்னால் போட்டுக்கொண்டிருந்தான்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். குறுநில மன்னர்கள் எப்போதும் இருந்தவர்கள்தானே, முதலாம் இராசராசன் காலத்தில் இல்லாமலா போனார்கள்? இருந்தார்கள், ஆனால் தலைதூக்க விடப்படவில்லை. 985 முதல் 1070 வரையிலான கல்வெட்டுகளில் இந்தத் தலைவர்களின் குரல் மிகவும் அடங்கிக் கேட்கிறது. நாடுகளைப் பிரித்து வளநாடுகளாக்கி, நிலத்தை அளந்து, வரிக்கணக்கை அரசின் கையில் வைத்துக்கொண்ட காலம் அது. மதுரையையோ சோழர்கள் பாண்டியரிடம் விட்டுவைக்கவே இல்லை. இராசேந்திரன் அங்கே தன் மகனையே சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு அமர்த்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த ஏற்பாடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. 1070இல் முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தபோது தெற்கு கைவிட்டுப் போயிருந்தது. பாண்டியர் ஐவரை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி பாடினாலும், அவன் மறுபடி மதுரைக்கு இளவரசனை அனுப்பவில்லை. கோட்டாறு முதலிய இடங்களில் பெருவழிகளை ஒட்டி நிலைப்படைகளைக் குடியேற்றினான். பாண்டியர் கப்பம் கட்டினால் போதும் என்று விட்டான். செலவு குறைந்த வழி. அடுத்த இரண்டு தலைமுறைக்கு அது புத்திசாலித்தனமாகவே தெரிந்திருக்கும்.

இதே காலத்தில் நிலமும் கைமாறிக்கொண்டிருந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் வரிசையாகத் தொகுத்து ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழக ஆய்வாளர் சுப்பராயலுவும் காட்டிய ஒரு முக்கியமான மாற்றம் உண்டு: 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் காவிரிக் கீழ்ப்பகுதியில் தனியாரிடம் பெருநிலம் சேர்வது கண்ணில் படுகிறது. முன்பு ஊரும் சபையும் கூட்டாகப் பேசிய இடத்தில், இப்போது அரையர் என்றும் ராயர் என்றும் பட்டம் சூடிய தனி ஆட்கள் விற்கிறார்கள், வாங்குகிறார்கள், கோயிலுக்குக் கொடுக்கிறார்கள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கையே எழுதிக்கொண்டார்கள். உனக்குப் பகை எனக்கும் பகை, உன்னை விட்டு வேறொருவனோடு சேரமாட்டேன் என்று மலையமான், சம்புவராயர், அதியமான் வழித் தலைவர்கள் சத்தியம் செய்து கல்லில் வெட்டிவைத்தார்கள். தன் அதிகாரிகள் தங்களுக்குள் தனியாக ஒப்பந்தம் போடுவதைக் கோயில் சுவரில் படித்துக்கொண்டு ஒரு பேரரசன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். தடுக்கும் வலு அவனுக்கு இல்லை என்பதைவிட, அவர்கள் படை இல்லாமல் அவனுக்குப் போரே இல்லை என்பதுதான் பொருத்தமான விடை.

காஞ்சிக்கு அருகே ஆர்ப்பாக்கம் என்னும் ஊரின் கல்வெட்டு இதைக் கிட்டத்தில் காட்டுகிறது. 1160களில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். பராக்கிரமன் ஈழத்து முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். ஈழத்துப் படை தளபதி இலங்காபுரன் தலைமையில் வந்துசேர்வதற்குள் அவன் கொல்லப்பட்டான்; படை திரும்பிப் போகாமல் அவன் மகன் வீரபாண்டியனுக்காகச் சண்டையிட்டது. குலசேகரன் சோழனிடம் ஓடினான். படை வடக்கே ஏறி வருகிறது, கோயில்கள் பாழாகின்றன என்ற பீதி தொண்டை மண்டலம் வரை பரவியது. எதிரிலிசோழச் சம்புவராயன் என்ற தலைவன் உமாபதிதேவர் என்ற ஞானசிவரிடம் போய், இதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று வேண்டுகிறான். அவர் 28 நாள் பூசை செய்கிறார். ஈழப்படை தோற்றது என்று செய்தி வருகிறது. சம்புவராயன் மகிழ்ந்து ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடுத்துவிடுகிறான். பூசையின் பலனை நம்புகிறவர் நம்பட்டும். நமக்கு வேண்டியது வேறு: ஆபத்து வரும்போது கவலைப்படுகிறவனும், வழி தேடுகிறவனும், நன்றிக்கு ஓர் ஊரைத் தூக்கிக் கொடுக்கிறவனும் தலைவனாகவே இருக்கிறான். அரசன் இரண்டாம் இராசாதிராசன் ஆண்டுக் கணக்குக்கு மட்டும் வருகிறான்.

போரில் சோழர் வென்றது உண்மை. பல்லவராயர் என்ற சோழத் தளபதி இலங்காபுரன் முதலியோரின் தலைகளை மதுரை வாயிலில் ஆணியடித்து வைத்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. குலசேகரன் அரியணை ஏறினான், ஏறியதும் ஈழத்தோடு சேர்ந்துகொண்டான். உடனே சோழர்கள் அவனைத் தள்ளிவிட்டு, எந்த வீரபாண்டியனை எதிர்த்தார்களோ அவனையே மதுரையில் வைத்தார்கள். அவனும் ஈழத்தின் பக்கம் சாய்ந்ததும் மூன்றாம் குலோத்துங்கன் படையெடுத்து, 1180களில் விக்கிரம பாண்டியனை அமர்த்தினான். இருபது ஆண்டுக்குள் மூன்று பாண்டியர்களைச் சோழன் கைகொடுத்து ஏற்றியிருக்கிறான்! விக்கிரமனுக்குப் பின் 1190இல் வந்த சடையவர்மன் குலசேகரன் அவன் மகன் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். அந்தக் குலசேகரன் கப்பத்தை நிறுத்தியதும், குலோத்துங்கன் 1205ஐ ஒட்டி மதுரைக்குப் போய்ப் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துத் தள்ளினான். தோற்றவனை மன்னித்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தான், ஆனால் அவமானப்படுத்திவிட்டுக் கொடுத்தான். இதைவிட மோசமான கலவை அரசியலில் கிடையாது.

பழி தீர்க்கப் பதினோரு ஆண்டு போதுமானதாக இருந்தது. 1216இல் பட்டமேறிய குலசேகரனின் தம்பி மாறவர்மன் சுந்தரபாண்டியன் நேரே சோழநாட்டில் நுழைந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். மாடமும் மதிலும் இடிந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாக அவன் மெய்க்கீர்த்தி பெருமைப்படுகிறது. ஆயிரத்தளியில் சோழரின் முடிசூட்டு மண்டபத்திலேயே வீராபிடேகம் செய்துகொண்டு, தில்லையில் தொழுதுவிட்டு, ஊர் திரும்பும் வழியில் பொன்னமராவதியில் தங்கியபோது, ஓடிப்போயிருந்த சோழன் மனைவி மகனோடு வந்து பணிந்தான். நாடு திருப்பித் தரப்பட்டது. மதுரை மண்டபத்துக்கு ஈடாக இங்கே ஒரு மண்டபம், அங்கே கொடுத்த மன்னிப்புக்கு ஈடாக இங்கே ஒரு மன்னிப்பு, கணக்கு நேராகியிருக்கிறது. இந்தப் பேரழிவில் ஒரு கட்டடம் மட்டும் தப்பியதாகத் திருவெள்ளறையில் ஒரு பாடல் கல்வெட்டு கூறுகிறது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்காகச் சோழன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தைப் பாண்டியன் தொடவில்லையாம். உண்மையில் அப்படி ஒரு பழைய மண்டபம் நின்றிருந்ததா என்று ஐயப்படலாம். ஆனால் பகைவனின் ஊரை எரித்தவன், தன்னைத் தமிழ்ப் புலவனுக்குத் தலைவணங்குகிறவனாகவும் காட்டிக்கொள்ள விரும்பினான் என்பதில் ஐயமில்லை. எரித்தவனும் எரிக்கப்பட்டவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

பாண்டியன் நாட்டைத் திருப்பிக் கொடுத்தது முழுக்கப் பெருந்தன்மையால் அல்ல. போசள மன்னன் இரண்டாம் வல்லாளன் தன் மகன் நரசிம்மனைப் படையோடு அனுப்பியிருந்தான். அப்போதுதான் சோழ ராச்சியத்தை நிலைநிறுத்தியவன் என்ற அந்த விருது பிறந்தது. போசளருக்குச் சோழன்மேல் என்ன பாசம்? காவிரிச் சமவெளியில் வலுவான பாண்டியன் உட்காருவதைவிட, வலுவற்ற சோழன் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு வசதி. 1231இல் கப்பம் கட்ட மறுத்த மூன்றாம் இராசராசன் மறுபடி பாண்டியனிடம் தோற்று ஓடும்போது, தெள்ளாற்றில் கோப்பெருஞ்சிங்கன் கையில் சிக்கினான். நரசிம்மன் மறுபடி வந்தான். அவன் மகன் சோமேசுவரனோ வந்துபோகிற வேலையே வேண்டாம் என்று திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரில், இன்றைய சமயபுரத்தில், இன்னொரு தலைநகரே அமைத்துக்கொண்டான். அங்கே அவர்கள் எழுப்பிய போசளேசுவரம் இன்று போஜீசுவரர் கோயிலாக நிற்கிறது. சோழனுக்கும் பாண்டியனுக்கும் அவன் மாமன் முறை. கல்வெட்டுகள் மாமடி என்று அழைக்கின்றன. யார் மேலே ஏறுகிறானோ அவனுக்கு எதிராக மற்றவனுக்குக் கைகொடுப்பதே அந்த மாமன் செய்த வேலை. 1246க்குப் பின் மூன்றாம் இராசேந்திரன் பாண்டியரை வென்று தலைநிமிர்ந்தபோது, மாமன் பாண்டியன் பக்கம் போய்விட்டான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். மூன்றாம் இராசராசன் கையாலாகாதவன், அவனால்தான் எல்லாம் போயிற்று என்பது முதல் வாதம். கையாலாகாதவன் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அவனுக்கு முன்னால் ஆண்ட மூன்றாம் குலோத்துங்கன் நாற்பது ஆண்டு ஓயாமல் போரிட்டு வென்றவன். திருபுவனத்துக் கோயிலைக் கட்டியவன். 1216இன் தோல்வி வந்தது அவன் காலத்திலேயே. இராசராசனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசேந்திரனும் ஊக்கமுள்ளவனே. திறமைசாலிக்கும் திறமைசாலிக்கும் நடுவில் ஒரு சோம்பேறி வந்ததால் மட்டும் பேரரசு விழவில்லை. இரு பக்கத்துத் திறமைசாலிகளும் தடுக்க முடியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, துரோகம். நம் நாடகங்களுக்கும் தொடர்கதைகளுக்கும் பிடித்த விளக்கம் இது: உப்பிட்டவனுக்கே கோப்பெருஞ்சிங்கன் இரண்டகம் செய்தான். அப்படியானால் சோழர்களையும் அதே கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். 880ஐ ஒட்டிக் கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் பல்லவன் அபராசிதனும் பாண்டியன் வரகுணனும் மோதியபோது, முதலாம் ஆதித்தன் பல்லவனின் கீழ் நின்று போரிட்டவன். சில ஆண்டுகள் கழித்து யானைமேல் இருந்த அபராசிதன்மீது பாய்ந்து கொன்றவனும் அதே ஆதித்தன். இதைச் சோழரின் கன்னியாகுமரிக் கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது. பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்ட கோப்பெருஞ்சிங்கன் சகலபுவனச் சக்கரவர்த்தி என்று பட்டம் சூட்டிக்கொண்டு, சிதம்பரத்தில் கோபுரமும் எழுப்பினான். ஆதித்தன் ஏறிய அதே ஏணியில்தான் அவனும் ஏறினான். ஒருவனை மூலவன் என்றும் மற்றவனைத் துரோகி என்றும் அழைப்பது, யார் வழியில் பேரன்கள் நன்றாக ஆண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது வாதம் நம்மைப் போலக் கடலுக்கு இந்தப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இனிப்பானது: கடல் போனதால் சோழர் போனார்கள், கடாரத்தின்மேல் பிடி தளர்ந்ததும் வருமானம் வற்றியது என்பது. 1025க்கும் 1216க்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதே இதற்கு முதல் விடை. மேலும், தமிழ் வணிகம் சோழனின் உடைமையாக இருக்கவே இல்லை. சுமத்ராவின் பாரூசில் 1088இல் தமிழ் வணிகக் குழுவினர் கல்வெட்டு வைத்தார்கள். சோழப் பெயரில் கிடைக்கும் கடைசி ஆண்டு 1279. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் சிவன் கோயில் எழுப்பிய தமிழ்க் கல்வெட்டு 1281ஐச் சேர்ந்தது. அரசு முடிந்த இரண்டே ஆண்டில், வணிகர்கள் மங்கோலியப் பேரரசனின் நலனுக்காகக் கோயில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசர்கள் மாறினார்கள், சரக்கு ஓடியது.

மலாய்த் தீபகற்பத்திலிருந்தும் இந்தப் போட்டிக்குள் ஒருவன் இறங்கினான் என்பதை நம் மேடைகளில் அதிகம் கேட்பதில்லை. இராசேந்திரன் 1025இல் தாக்கியதாகச் சொல்லும் ஊர்களில் மாதமாலிங்கம் ஒன்று. அது தாம்பிரலிங்கம், இன்றைய தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அந்த நாட்டு அரசன் சந்திரபானு 1247இல் கடல் கடந்து ஈழத்தின்மேல் படையெடுத்தான். பின்னர் மறுபடி வந்தபோது சோழ, பாண்டிய நாடுகளிலிருந்து தமிழ் வீரர்களையும் திரட்டிக்கொண்டான் என்று பாலி நூலான சூளவம்சம் கூறுகிறது. பேரரசு உடைந்தால் வாள்பிடித்த கைகள் கூலிக்குக் கிடைக்கும். பழைய இரை அவற்றை விலைக்கு வாங்கியது. 1260களின் தொடக்கத்தில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்துக்குப் போய்ச் சாவகனின், அதாவது சந்திரபானுவின், முடியையும் தலையையும் கொண்டதாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு பேசுகிறது. மெய்க்கீர்த்தியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1365இல் எழுந்த நாகரகிருதாகமம் என்ற ஜாவானியக் காவியம் மயாபாகித் பேரரசின் ஆணைக்கு உட்பட்டவை என்று கெடாவையும் நம் கிள்ளானையும்கூடத்தான் பட்டியலிடுகிறது. அரசவைப் புலவர் எழுதும் பட்டியல், ஆட்சியைவிட ஆசையைத்தான் அதிகம் சொல்லும். ஆனால் சந்திரபானு விஷயத்தில் தமிழ்க் கல்வெட்டும் பாலி நூலும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே நிகழ்ச்சியைச் சொல்வதால் அடிப்படை உறுதியாக நிற்கிறது.

1251இல் வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் எல்லாரையும் ஒரு சுற்று முடித்துவிட்டான். சோழனைக் கப்பம் கட்டவைத்தான், சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான், கண்ணனூரைப் பிடித்தான். சோமேசுவரன் 1262இல் பாண்டியரோடு போரிட்டே மடிந்தான். சுந்தரபாண்டியன் காஞ்சியைக் கைப்பற்றி, நெல்லூரில் வீராபிடேகம் செய்துகொண்டு, அரங்கத்துக்கும் தில்லைக்கும் பொன் வேய்ந்தான். 1268இல் ஆட்சி தொடங்கிய மாறவர்மன் குலசேகரன் 1279இல் மூன்றாம் இராசேந்திரனையும் போசள இராமநாதனையும் ஒருசேர வென்றதோடு சோழர் கதை முடிந்தது. காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்த அந்தச் செழிப்பில் மார்கோ போலோ கவனித்த ஒரு விஷயம், இந்த நாட்டை அண்ணன் தம்பி ஐவர் அரசாள்கிறார்கள் என்பது. பாண்டியர் தம் குடும்பத்துக்குள்ளேயே ஒரே நேரத்தில் பலருக்கு முடிசூட்டும் வழக்கம் வைத்திருந்தார்கள். சோழன் வெளியாட்களுக்குக் கொடுத்த இடத்தை இவர்கள் பங்காளிகளுக்குக் கொடுத்தார்கள். 1310இல், இளையவன் வீரபாண்டியனுக்கு முன்னுரிமை தந்த தந்தை குலசேகரனை மூத்தவன் சுந்தரபாண்டியன் கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். சகோதரர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, 1311 ஏப்ரலில் டில்லித் தளபதி மாலிக் காஃபூரின் குதிரைப்படை மதுரைக்குள் நுழைந்தது. முன்னமே பணிந்துவிட்டிருந்த போசளன் மூன்றாம் வல்லாளன்தான் அந்தப் படைக்குத் தெற்கே வழிகாட்டினான்.